பல்செட் மெழுகில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்

மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் நடுவில் நாக்கு நுனியை வைத்துப் பாருங்கள். மெத்தென்று ஒரு சிறு மேடு தட்டுப்படும். பல்லெல்லாம் விழுந்த பிறகும் இந்த மேடு இருக்கும். முழு பல்செட் கட்டும்போது முன்பற்களை எங்கே வைப்பது என்பதற்கு இது நம்பகமான தொடக்கப் புள்ளி. இயற்கைப் பல்வரிசையில் நடு முன்பற்களின் வெளிமுகம் இந்த மேட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும். இரு கோரைப்பற்களின் நுனிகளையும் சேர்த்துக் கோடு இழுத்தால், பெரும்பாலும் அது மேட்டை ஒட்டியே போகும்.

இடம் தவறினால்

பல் எடுத்த பின் மேல்தாடை எலும்பு வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தேய்கிறது. தேய்ந்த ஈறின் உச்சியிலேயே பல்லை அடுக்கிவிட்டால் மேலுதடு தாங்கலின்றி உள்ளே ஒட்டிப்போகும். முகத்தில் வயது கூடித் தெரியும். நாக்குக்கு இடம் குறையும். அளவுக்கு மீறி முன்னே வைத்தால் உதடு புடைக்கும். முன்பல்லால் கடிக்கும்போது பல்செட் பின்பக்கம் கழன்று வரும்.

மெழுகுக் கட்டத்தில் பார்க்க வேண்டியவை

பல்செட்டை அக்ரிலிக்கில் வார்ப்பதற்கு முன், பற்களை மெழுகில் பொருத்தி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அவசரப்பட்டுச் சம்மதித்துவிடாதீர்கள்.

- கண்ணாடி கேட்டு வாங்குங்கள். பல்வரிசையின் நடுக்கோடு முகத்தின் நடுவில் இருக்கிறதா, உதடு இயல்பாக நிற்கிறதா என்று பாருங்கள்.
- ‘ஃபேன்’, ‘ஃபோன்’ என்று சொல்லுங்கள். மேல் முன்பல் விளிம்பு கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும்.
- பல் இருந்த காலத்துப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

மெழுகில் பல்லை நகர்த்துவது எளிது. அக்ரிலிக் ஆனபின் பெரும்பாலும் புதிதாகவே கட்ட வேண்டிவரும்.

உரிமையும் தீர்வும்

மருத்துவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டணம், பொருள், எத்தனை முறை வரவேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ரசீதை விடாதீர்கள்.

புது பல்செட்டில் சில வாரம் பேச்சு தடுமாறுவதும் ஈறு உறுத்துவதும் சகஜம். நீங்களே அரம் வைத்துத் தேய்க்காமல், கட்டிய மருத்துவரிடமே போங்கள். சரியாகவில்லை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்துக் கேளுங்கள்.

கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். பிடிக்கவில்லை என்பது மட்டும் வழக்காகாது. சேவையில் குறைபாடு இருந்ததைக் காட்ட வேண்டும். ரசீது, புகைப்படங்கள், இரண்டாவது மருத்துவரின் எழுத்துக் கருத்து மூன்றும் அதற்குத் துணை நிற்கும்.

வழக்கு வரை போகவிடாமல் தடுக்கும் வாய்ப்பு மெழுகுக் கட்டத்தில்தான் இருக்கிறது. வயதான அப்பா, அம்மா தயங்கினால், பிள்ளைகள் உடன் போய் அவர்களுக்காகக் கேளுங்கள்.