ஓய்வு நாளும் வெயில் கணக்கும்

தேர்வு முடிந்த மறுநாள் பொழுது முழுவதும் படுத்துக் கிடந்தும் களைப்புத் தீரவில்லை என்று சொல்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடல் உழைக்கவில்லை, ஆயினும் சோர்வு போகவில்லை. இதற்கு என்ன காரணம்?

இங்கே சோர்ந்திருப்பது தசை அன்று, கவனம். புத்தகத்திலோ கணக்கேட்டிலோ மனத்தை வலிந்து நிறுத்தும்போது, குறுக்கிடும் ஓசைகளையும் எண்ணங்களையும் மூளை ஓயாமல் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இது நீண்டால் அத்திறன் குன்றிவிடும் என்றனர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாரான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும். மரம், நீர், பாறை, பறவை ஆகியவை கவனத்தை வலிய இழுப்பதில்லை. மெல்லப் பிடித்து வைக்கின்றன. அந்த வேளையில் களைத்த திறன் மீள்கிறது என்பது அவர்கள் கொள்கை. 2008-இல் அதே பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மனும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். அதில் பங்கேற்றவர்கள் ஒரு முறை மரத்தோட்டத்திலும் மற்றொரு முறை நகர வீதியிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தனர். பிறகு, காதால் கேட்ட எண் வரிசைகளைத் தலைகீழாகச் சொல்லவேண்டும். தோட்டத்தில் நடந்து வந்தபோதுதான் முன்னேற்றம் தெரிந்தது. உறைகுளிரில், வேண்டா வெறுப்பாக நடந்தவர்களுக்கும் பலன் இருந்ததாம்! ஆனால் மதுரையின் சித்திரை மாத நண்பகலில் அவர்கள் யாரும் நடந்து பார்க்கவில்லை.

ஆகவே நம் ஊரில் எங்கே போவது என்பதற்கு முன், எப்போது போவது என்று கேட்கவேண்டும். நீங்கள் பசுமலையில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் ஒரு நாள். துணைக்கு ஆள் இல்லை. என்ன செய்யலாம்?

ஒரு நாளில் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. கதிரவன் மறைந்தபின் நிலம் இரவு முழுவதும் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. பொழுது புலரும் வரையில் செலவுதான், வரவு இல்லை. எனவே விடியற்பொழுதே மிகக் குளிர்ந்த வேளை. பாறைக் குன்று ஏற அதுவே ஏற்ற நேரம். மாலையிலோ, பகலெல்லாம் சூடேறிய பாறை காலுக்கடியில் அடுப்புக்கல் போல் இருக்கும்.

பசுமலைக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், கருப்பசாமி கோவில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வட்டெழுத்துக்கள். அவற்றைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டு உட்காரலாம். கவனத்துக்கு அதுதான் ஓய்வு. (பக்கத்துப் பாறையில் தம் பெயரைக் கீறிவிட்டு வருபவர்களுக்கு ஓய்வு எதற்கு என்று தெரியவில்லை.)

ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஏன் இந்தக் கண்டிப்பு? நடக்கும்போது நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்குமேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. காற்று நம் தோலைவிடக் குளிர்ந்திருந்தால் அந்த வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும். தோலின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. மதுரையின் கோடைப் பகலில் காற்று 38, 40 டிகிரியைத் தொடும்போது, காற்றே நம்மைச் சூடேற்றத் தொடங்குகிறது. எஞ்சிய ஒரே வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் இந்த வழியும் அடைபடும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். அதையும் மீறினால் மூளை குழம்பும். தனியாகப் போகிறவருக்கு இதில்தான் ஆபத்து: தமக்குப் புத்தி தடுமாறுகிறது என்பதை அறியவேண்டியதே அந்தத் தடுமாறும் புத்திதானே! ஆகவே வீட்டில் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கிறுகிறுப்பு வந்தவுடன் நிழலில் உட்கார்ந்து, உடலை நனைத்து, அருகிலிருப்பவரைக் கூப்பிடுங்கள். 108 எண்ணையும் மறவாதீர்கள்.

நண்பகலுக்கு நகருக்குள் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636-இல் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டியது. கனத்த சுவர்களும் பருத்த தூண்களும் மெதுவாகவே சூடேறும். வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும்போதும் அவற்றில் காலைக் குளிர்ச்சி மிஞ்சியிருக்கும். சூடான காற்று உயர்ந்த கூரையை நோக்கி எழும்பிவிடும். மதிய உணவாகக் கறிதோசையை ஒரு பிடி பிடித்திருந்தால் இங்கே கண் சொருகும். பழியை முழுவதும் தோசைமேல் போடவேண்டாம். உடலின் உட்கடிகாரப்படி பிற்பகலில் விழிப்பு சிறிது தணியும். பெருவிருந்து அதைக் கூட்டுகிறது, அவ்வளவே.

மாலையில் ஒரு குவளை ஜிகர்தண்டா. ஈரலுக்குக் குளிர்ச்சி என்பது பெயரின் பொருள். பால், நன்னாரி சர்பத், பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். ஊறிய பிசின் கண்ணாடிக் கட்டிபோல் உப்பியிருப்பதற்குக் காரணம், அதிலுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான். சரி, இது உண்மையில் குளிர்விக்கிறதா? கணக்குப் போடுங்கள். 5 டிகிரியில் உள்ள 300 மில்லிலிட்டர் பானம் வயிற்றில் 37 டிகிரிக்கு ஏறினால், அது உடலிலிருந்து எடுப்பது 10 கிலோகலோரிக்குக் குறைவு. அதே அளவு தண்ணீர் வியர்வையாகி உலர்ந்தால் எடுப்பதோ ஏறத்தாழ 174! குளிர்ச்சி வாயிலும் தொண்டையிலும் உண்டு. ஈரலுக்குப் பெரிதாக எட்டுவதில்லை. ஆகவே தாகத்துக்குப் பானைத் தண்ணீரைக் குடியுங்கள். சுவைக்காக ஜிகர்தண்டா குடியுங்கள்.

பிறகு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். குளம் நிறைந்திருக்கும் நாளாயின், நீர்மேல் தவழ்ந்து வரும் காற்று, நீரை ஆவியாக்கித் தன் வெப்பத்தை இழந்துதான் உங்களிடம் வருகிறது. காலையில் உங்கள் தோலில் நடந்த அதே வேலை இப்போது குளத்தில் நடக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். இரவுக்கு இட்லி போதும். இந்த ஊரில் அது எந்நேரமும் கிடைக்கும். பசுமலைக்குப் பேருந்து, பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் சாலை வழியாக.