முக்கால் மீட்டர் கம்பியும் மூன்று மீட்டர் அலையும்

போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் மூட்டைகளை இறக்கி வரும் பழைய பிக்கப் வண்டிகளையும், விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி மலையேறும் ஜீப்புகளையும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். உள்ளே ரேடியோ இருக்கும், வெளியே ஆண்டெனா இருக்காது. ஏதோ ஒரு மரக்கிளை அதை ஒடித்திருக்கும், இல்லையென்றால் மலை மழையில் அடிப்பகுதி துருப்பிடித்து விழுந்திருக்கும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று உதிரிபாகக் கடைக்குப் போனால் தலை சுற்றும். இழுத்தால் நீளும் பழைய பாணி ஏரியல், வளைந்து கொடுக்கும் ஒற்றை எஃகுக் கம்பி, விரல் நீள ரப்பர் குச்சி, சுறாத் துடுப்பு, கண்ணாடியில் ஒட்டும் பட்டை. இவற்றில் எதை எடுப்பது? இதற்கான பதில் ஒளியின் வேகத்தில் தொடங்குகிறது.

இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் அதிகம் கேட்பது கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். அந்த எண்ணுக்குப் பொருள், வானில் வரும் அலை நொடிக்கு 10 கோடியே 5 லட்சம் தடவை மேலும் கீழும் ஆடுகிறது என்பது. வானொலி அலையும் ஒளியின் இனம்தான். நொடிக்குச் சுமார் 30 கோடி மீட்டர் ஓடும். ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்குள் அலை கடக்கும் தூரம் கிடைக்கும். அதன் பெயர் அலைநீளம். இங்கே அது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பழைய ஜீப்பின் மட்காட்டில் நிமிர்ந்து நிற்கும் கம்பியை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அதே அளவு இருக்கும்.

ஏன் கால் பங்கு? அலை கம்பியில் படும்போது அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் நுனி வரை ஓடி, போக வழியில்லாமல் திரும்பி அடிக்கு வருகிறது. 75 சென்டிமீட்டர் ஏறி 75 சென்டிமீட்டர் இறங்க ஆகும் நேரம், ஒரு நொடியில் 20 கோடியில் ஒரு பங்கு. அதே நேரத்தில் வெளியே அலையும் பாதி ஆட்டம் முடித்துத் திசை மாறியிருக்கிறது. திரும்பி வரும் தள்ளலோடு சேர்ந்து, அலையும் இப்போது எலக்ட்ரான்களை அதே பக்கமாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இது நடப்பதால் அசைவு பெருகுகிறது. கம்பி மிகக் குட்டையாகவோ அளவு கடந்து நீளமாகவோ இருந்தால் இந்தத் தாளம் தப்பிவிடும். நுனியில் மின்புலம் கொஞ்சம் வெளியே பிதுங்குவதால், கம்பி தன் உண்மையான அளவைவிடச் சற்று நீளமாக இருப்பதுபோல் நடந்துகொள்ளும். அதனால் 71, 72 சென்டிமீட்டரே போதும். இழுத்து நீட்டும் ஏரியலின் அருமை இங்கேதான் தெரிகிறது: அளவுநாடா வைத்து நமக்கு வேண்டிய நீளத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது பாதி ஆண்டெனாதான். மீதிப் பாதி வண்டி. முழு ஆண்டெனாவுக்கு இரண்டு கைகள் வேண்டும், ஒன்றில் எலக்ட்ரான் ஏறும்போது மற்றதிலிருந்து இறங்க வேண்டும். 1895இல் மார்க்கோனி ஒரு கையை உயரே தூக்கி, மறு கையின் இடத்தில் கம்பியை நிலத்தோடு இணைத்தார். அப்படிச் செய்ததும் அவருடைய சைகை எட்டிய தூரம் பெருமளவு கூடியது. வண்டியில் அந்த நிலத்தின் வேலையைத் தகடு செய்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் கம்பு நட்டால் கீழே அதன் நிழலுரு தலைகீழாகத் தெரிகிறதல்லவா, வானொலி அலைக்கு பானட் அப்படிப்பட்ட நீர்ப்பரப்பு. மேலே 75 சென்டிமீட்டர், தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு 75 சென்டிமீட்டர். இந்தத் தகட்டுப் பரப்பைத் தரைத்தளம் என்கிறார்கள்.

ஆகவே ஆண்டெனாவை எந்த இடத்தில் நடுகிறோம் என்பது எந்த ஆண்டெனா என்பதைவிட முக்கியம். தகட்டுக் கூரை உள்ள பிக்கப்பில் கூரையின் நடுமையம்தான் சிறந்த இடம், சுற்றிலும் எல்லாத் திசையிலும் தகடு இருக்கிறது. ரெக்சின் கூரை போட்ட ஜீப்பில் அது நடக்காது. ரெக்சினில் மின்சாரம் ஓடாது. அதன்மேல் கம்பி நட்டால் அது ஒற்றைக்கை ஆண்டெனா. ஜீப்புக்கு பானட்டின் ஓரமோ மட்காட்டோதான். அங்கே வைத்தால் ஒரு வினோதம் சேர்ந்துகொள்ளும். தகடு எந்தப் பக்கம் அதிகமாக நீண்டு கிடக்கிறதோ, அந்தத் திசையில் ஆண்டெனாவுக்குக் காது கூர்மை. முன்பக்க இடது மூலையில் நட்ட கம்பி, பின்பக்க வலது மூலையை நோக்கியிருக்கும் நிலையத்தை நன்றாகக் கேட்கும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி நேர் எதிராகத் திரும்புகிறது. வளைவு தாண்டியதும் பாட்டு மங்குவதற்கும், அடுத்த வளைவில் தெளிவதற்கும் இது ஒரு காரணம்.

மற்ற காரணங்கள் மலையிடம் இருக்கின்றன. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால்தான் அந்த நிலையம் தென் மாவட்டங்களில் இவ்வளவு தூரம் எட்டுகிறது. பண்பலை அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகிறது. உயரத்தில் நின்றால் அடிவானம் விலகும். வரைபடத்தில் கோடு போட்டால் போடிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே 30 கிலோமீட்டர்தான். சாலையில் போகிறவர்களுக்கு அது பல மடங்காகத் தோன்றும், ஏனென்றால் தேனி, பெரியகுளம் என்று சுற்றிக்கொண்டு மலையேற வேண்டும். அலைக்கு அந்தச் சுற்று இல்லை, ஆனால் நடுவில் முகடுகள் குறுக்கிடும். அப்போது அலை முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. முகட்டின் விளிம்பைத் தொடும்போது அதில் ஒரு பகுதி கீழ்நோக்கி வளைந்து மறைவிடத்துக்குள்ளும் கசிகிறது. விளிம்பு வளைவு எனப்படும் இந்தக் கசிவால்தான் மலையின் மறைவில் நிற்கும் வண்டியிலும் பாட்டு மெலிதாகக் கேட்கிறது.

மலைச் சாலையில் போகும்போது திடீரென்று "பட் பட் பட்" என்று ஒலி அறுபடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதையும் கணக்கிடலாம். நேராக வரும் அலையும், எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும் அலையும் சாலையில் சந்திக்கின்றன. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து வலுக்கும், சில இடங்களில் ஒன்றை ஒன்று அழிக்கும். எதிரெதிரே வரும் அலைகள் அழிக்கும் இடங்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்று, அதாவது ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வரும். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறினால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக நொடிக்கு ஏறக்குறைய நான்கு வெட்டுகள். ஓரத்தில் நிறுத்தியதும் பாட்டு அடியோடு போய்விட்டால், அரை மீட்டர் முன்னே உருட்டிப் பாருங்கள், திரும்பி வரும்.

போடிமெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம், அங்கே தேவிகுளம் வானொலி 101.4 மெகாஹெர்ட்ஸில் மலையாளத்தில் வரவேற்கும். இதற்காகக் கம்பியை மாற்ற வேண்டுமா? 100.5க்கும் 101.4க்கும் கால் அலைநீளத்தில் உள்ள வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரே கம்பி இரண்டு மாநிலத்துக்கும் போதும்.

மத்திய அலைக்கு வந்தால் கணக்கே வேறு. மதுரை வானொலியின் 1269 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 236 மீட்டர். அதில் கால் பங்கு 59 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தின் உயரம் 192 அடி என்பார்கள். அதுவும் ஏறக்குறைய அதே அளவு. முறைப்படி ஆண்டெனா வைப்பதென்றால் ஜீப்பின்மேல் அந்தக் கோபுரம் உயரத்துக்குக் கம்பி நட வேண்டும். நாம் வைத்திருப்பதோ அதில் எண்பதில் ஒரு பங்கு. ஆனாலும் மதுரை கேட்கிறது!

எப்படி என்பதில்தான் கார் ரேடியோவை வடிவமைத்தவர்களின் சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு குட்டையான கம்பியில் தாளம் எதுவும் பிறக்காது. அது மின்னூட்டத்தைச் சிறிதளவு தேக்கி வைக்கும் பாத்திரமாக மட்டுமே இருக்கிறது. இந்தத் தேக்கும் திறனுக்கு மின்தேக்கம் என்று பெயர். அதை அளக்கும் அலகு பிக்கோஃபாரட். கம்பிக்கு இருப்பது சுமார் 10 பிக்கோஃபாரட். ரேடியோவுக்குப் போகும் வயருக்கும் ஒரு மின்தேக்கம் உண்டு, அது கம்பி சேர்த்ததைத் தானும் பங்கு கேட்கிறது. வீட்டில் மிஞ்சிய கேபிள் டிவி வயரை இரண்டு மீட்டர் இணைத்தால், அதன் மின்தேக்கம் நூறு பிக்கோஃபாரட்டைத் தாண்டும். கம்பி பிடித்த மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட ரேடியோவுக்கு வராது. பண்பலை நன்றாகப் பாடும், மதுரை மட்டும் காணாமல் போகும். பழுது ரேடியோவில் என்று நினைத்து அதைக் கழற்றுவார்கள்.

கார் ஆண்டெனாவோடு வரும் வயரை ஒருமுறை வெட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் இல்லை, வெற்றுக் குழாய்தான். அதற்குள் தலைமுடிபோல மெல்லிய கம்பி ஒன்று நெளிநெளியாக, தளர்வாகக் கிடக்கிறது. நடுக்கம்பி மெலிந்து, சுற்றிலும் காற்று நிறைந்தால் மின்தேக்கம் குறையும். பண்பலைக்குத் தேவைப்படாத இந்த நுணுக்கம் மத்திய அலைக்காகவே செய்தது. அந்தக் கம்பி எளிதில் அறுந்துபோகும் என்பதையும் சொல்ல வேண்டும், வயரை மடக்கித் திணிக்கக் கூடாது. அதன் முனையில் இருக்கும் குமிழ் போன்ற செருகியை மோட்டரோலா பிளக் என்பார்கள். 1930இல் கார் ரேடியோ விற்பதற்காக அமெரிக்காவில் உருவான வணிகப் பெயர் அது. கைபேசியால் உலகம் அந்தப் பெயரை அறிந்தது வெகு காலம் கழித்து.

இரவில் மத்திய அலைக்கு இன்னொரு கதவு திறக்கிறது. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து ஒரு படலத்தை உண்டாக்குகிறது. அயனிமண்டலத்தின் இந்தக் கீழடுக்கு பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் படலம் கலைகிறது. அதற்கும் மேலே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அடுக்கு அலையைத் திருப்பித் தரைக்கு அனுப்புகிறது. மலை, முகடு எதுவும் அதற்குத் தடையில்லை, ஏனென்றால் அலை தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. பகலில் கேட்காத தூரத்து நிலையங்கள் இருட்டியதும் ஏலமலையில் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

பழைய வண்டியில் கேட்கும் இரைச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி மின்னல்; ஒவ்வொரு பொறியும் வானொலி அலையாகத் தெறிக்கும். இரண்டாம் உலகப் போரின் ஜீப்புகளில் ராணுவ வானொலிக்கு இது பெரிய தொல்லை. பொறியின் இரைச்சலை அடக்கும் பாகங்கள் பொருத்திய அமெரிக்க வண்டிகளுக்கு, பானட்டில் எழுதிய எண்ணை அடுத்து 'எஸ்' என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். அந்த ஜீப்பின் வம்சத்தில் வந்தவைதான் மகிந்திரா ஜீப்புகள். ஆனால் இன்று மலையேறும் வண்டிகள் டீசலில் ஓடுகின்றன. டீசல் எஞ்சின் எரிபொருளை அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றவைக்கிறது, அங்கே பொறியே இல்லை. வானொலியின் பார்வையில் பழைய டீசல் பிக்கப் ஓர் அமைதியான வண்டி. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய "கீ" ஒலி வந்தால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

இனி கடைக்குப் போகலாம். ரப்பர் குச்சிக்குள்ளும் நீளமான கம்பிதான் இருக்கிறது, சுருளாகச் சுற்றி அடைத்திருக்கிறார்கள். தாளத்தைச் சுருள் காப்பாற்றிவிடும், ஆனால் குச்சி காற்றில் எட்டும் உயரம் குறைவு, பிடிக்கும் அலையும் குறைவு. மதுரை, தேனி நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு அது சரி, கிளைகள் உரசும் தோட்டத்துப் பாதையில் ஒடியாமல் பிழைக்கும் என்பதும் உண்மை. முகட்டு மறைவில் கசிந்து வரும் அலைக்கு அது போதாது. சுறாத் துடுப்பும் கண்ணாடிப் பட்டையும் பெரும்பாலும் உள்ளே ஒரு பெருக்கியை வைத்திருக்கும். அதற்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய ரேடியோவில் அதற்கான வயர் இருக்காது. மின்சாரம் கொடுக்காமல் விட்டால் பெருக்கி வருகிற அலையையும் அடைத்துவிடும். என் தேர்வு, வளைந்து கொடுக்கும், ஏறக்குறைய முக்கால் மீட்டர் எஃகுக் கம்பி. கிளை பட்டால் சாய்ந்து நிமிரும். அதன் அடியில் சுருள்வில் இருந்தால் இன்னும் நல்லது.

பொருத்தும்போது துளையைச் சுற்றி, தகட்டின் அடிப்பக்கத்தில் பெயின்டையும் துருவையும் பளபளக்கும்வரை சுரண்ட வேண்டும். ஆண்டெனாவின் மறு கை அந்த இடத்தில்தான் உடலோடு சேர்கிறது. மெல்லிய துருப்படலம் போதும் அதை வெட்ட. இறுக்கியபின் கிரீஸ் தடவினால் மழைத் தண்ணீர் இறங்காது. மல்டிமீட்டரில் பாருங்கள்: செருகியின் நடுமுனைக்கும் கம்பி நுனிக்கும் தொடர்பு இருக்க வேண்டும், நடுமுனைக்கும் வண்டித் தகட்டுக்கும் இருக்கக் கூடாது, செருகியின் வெளிவளையத்துக்கும் தகட்டுக்கும் இருக்க வேண்டும்.

பழைய ரேடியோ என்றால் ஆண்டெனா செருகும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு தெரியும். புதிய ஆண்டெனாவின் மின்தேக்கத்துக்கு ரேடியோவை இணங்க வைப்பது அதன் வேலை. கம்பியை முழுதாக நீட்டி, மத்திய அலையில் 1400 பக்கத்தில் மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து, ஒலி உச்சத்துக்கு வரும்வரை திருகை மெதுவாகத் திருப்ப வேண்டும். வலுவான நிலையத்தில் இதைச் செய்தால் உச்சம் எது என்று காதுக்குத் தெரியாது. ஆண்டெனாவையோ வயரையோ மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தத் திருகை மறுபடி தொட வேண்டியிருக்கும்.