பெயர் சொன்னால் இடம் தெரிகின்றதா?
வலையமைப்பைச் சோதித்தறியும் எளிய முறை

மனிதன் எதனையும் பெயரிட்டு அழைத்துப் பழகியவன். கணினியோ எண்ணையன்றி வேறொன்றையும் அறியாதது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, நாம் சொல்லும் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இல்லையாயின், பிள்ளைகள் காத்திருக்கும் பரீட்சைப் பெறுபேறும், பெற்றோர் நாடும் வங்கிக் கணக்கும் நமக்கு எட்டாமற் போய்விடும். இவ்வேற்பாட்டுக்கு ஆள்களப் பெயர் முறைமை என்று பெயர்.

இம்முறைமை தடைப்படும்போது பெரும்பாலான வீடுகளில் நிகழ்வது யாது? “இணையம் இல்லை” என்று தீர்ப்புக் கூறிவிட்டு, வழிப்படுத்தியை நிறுத்தி மூட்டுவதும், தொலைபேசி நிலையத்தைக் குறை கூறுவதுமே வழக்கமாகிவிட்டது. உண்மையிலோ இணைப்பு நலமாகவே இருக்கலாம். பெயரை முகவரியாக்கும் வேலை மட்டும் நின்று போயிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் சோதனை மிக எளிது. பாடசாலை மாணவர் எவரும் செய்யத்தக்கது.

ஒற்றைப் பட்டியலிலிருந்து ஒரு மரம்

சோதனைக்கு முன் இம்முறைமையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் பெயின்லர் அம்மையாரின் தலைமையிலே இயங்கிய குழுவினர் அப்பட்டியலைப் பேணி வந்தனர். புதிய கணினி ஒன்று சேருந்தோறும் பட்டியலைத் திருத்துவதும், ஏனையோர் அதனைப் படியெடுப்பதுமாகக் காலம் சென்றது. கணினிகள் பெருகவே, ஒரே இடத்தில் அனைத்தையும் எழுதி வைத்தல் இயலாததாயிற்று.

இதற்குத் தீர்வாக 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்னும் அறிஞர் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தளித்தார். பெயர்கள் அனைத்தையும் ஒருவரே சுமக்காது, மரத்தின் வேரும் கிளையும் போலப் பலர் பகிர்ந்து கொள்வதே இதன் தத்துவம். வேர்ச் சேவையகங்கள் 13 பெயர்களால் அறியப்படுகின்றன. அவற்றின் பிரதிகளோ உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் இயங்குகின்றன. ‘டொட் எல்கே’ என முடியும் ஒரு பெயரைக் கேட்டால், அக்கிளையைக் காப்பவர் யார் என்பதை வேர் காட்டும். அக்கிளை அடுத்த கிளையைக் காட்டும். இறுதியில் உரிய முகவரி கிடைக்கும். இவ்வளவும் கண்ணிமைக்கும் பொழுதினுள் நடந்தேறுகின்றது. 2010ஆம் ஆண்டு முதல் ‘.இலங்கை’ எனத் தமிழெழுத்தில் முடியும் பெயர்களுக்கும் இம்மரத்திலே ஒரு கிளை உண்டு என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும்.

சோதனையின் படிகள்

இனிச் சோதனைக்கு வருவோம். கணினியிலே கட்டளைச் சாளரத்தைத் திறந்துகொள்க. ‘பிங்’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டெழுதி, ஓர் இடைவெளி விட்டு, 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ எண்ணைக் கொடுக்க. முன்னையது கிளவுட்பிளயர் நிறுவனத்தினதும், பின்னையது கூகிள் நிறுவனத்தினதும் பொதுச் சேவையக முகவரிகளாம். இங்கே பெயர் எதுவும் இல்லை. எண் மட்டுமே உண்டு. மறுமொழி வந்தால் இணைப்பு உயிரோடிருக்கின்றது என்பது உறுதி.

இரண்டாவதாக, அதே கட்டளைக்கு எண்ணுக்குப் பதிலாக ஓர் இணையத்தளத்தின் பெயரைக் கொடுக்க. எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயருக்கு “அப்படியொன்றைக் காண முடியவில்லை” என்ற பொருள்பட விடை வருமாயின், குற்றம் இணைப்பிலன்று. பெயரை முகவரியாக்கும் இடத்திலேயே உளது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சில சேவையகங்கள் ‘பிங்’ கட்டளைக்கு மறுமொழி தராதவாறு அமைக்கப்பட்டுள்ளன. பெயரின் அருகே எண் முகவரி தோன்றிவிட்டால், அதன்பின் மறுமொழி வாராவிடினும், பெயர் முகவரியாயிற்று என்றே கொள்க.

மூன்றாவது, ‘என்எஸ்லுக்கப்’ என்னும் கட்டளை. இதனோடு பெயரைக் கொடுத்தால், விடை கூறும் சேவையகம் எது என்பதையும், அது கூறும் முகவரியையும் காணலாம். “அப்பெயர் இல்லை” என்று விடை வந்தால், பெரும்பாலும் நாம் எழுத்துப் பிழை செய்திருப்போம், அல்லது அப்பெயர் பதிவிலே இல்லை. “காலம் கடந்தது” என்று வந்தால், கேட்கப்பட்ட சேவையகமே மௌனமாயிருக்கின்றது என்பது பொருள். “அதிகாரபூர்வமற்ற விடை” என்னும் குறிப்பைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பிற சேவையகத்திடம் கேட்டறிந்ததையோ, முன்னர் கேட்டு நினைவில் வைத்திருந்ததையோ சேவையகம் கூறுகின்றது என்பதே அதன் கருத்து.

நான்காவதாக, அதே கட்டளையில் பெயரை அடுத்து 1.1.1.1 என்னும் எண்ணையும் சேர்த்துக் கேட்க. வழக்கமான சேவையகம் விடை தராதிருக்க, இது விடை தந்தால், குறை எங்கே என்பது வெளிச்சமாகிவிடும்.

இறுதியாக ஒரு நுட்பம். ‘என்எஸ்லுக்கப்’ நேரே சேவையகத்தைக் கேட்பது. ‘பிங்’ கட்டளையோ முதலில் நமது கணினியின் நினைவையும், அதனுள் இருக்கும் ‘ஹோஸ்ற்ஸ்’ என்னும் சிறு கோப்பையும் நோக்குவது. ஆகவே இரண்டும் வேறுபட்ட முகவரிகளைத் தந்தால், அக்கோப்பையும் பழைய நினைவையும் ஆராய்தல் வேண்டும். எனினும் பெரிய நிறுவனங்கள் ஒரே பெயருக்குப் பல முகவரிகளை வைத்திருப்பதால், வேறுபாடு ஒன்றே தவறுக்குச் சான்றாகாது.

தடைப்படுதலும் திசை மாறுதலும்

இவ்வறிவு வெறும் பொழுதுபோக்கன்று. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகெங்கும் முடங்கின. பராமரிப்பு வேளையில் இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உள் இணைப்புக்களைத் துண்டித்தது. அதன் விளைவாக அதன் பெயர்ச் சேவையகங்களுக்குச் செல்லும் பாதைகளும் மறைந்தன. அச்சேவையகங்கள் பழுதின்றி இயங்கியும், வழி கேட்கச் சென்றோர் அவற்றை அடைய முடியவில்லை. கடல் கடந்து வாழும் உறவினரோடு பேசக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ தம் கைத்தொலைபேசியையே ஐயுற்றிருக்கும்.

அதே ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி இலங்கையிலே வேறுவகையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ‘டொட் எல்கே’ என முடியும் சில பெயர்கள், கூகிளின் இலங்கைப் பெயர் உட்பட, அயலார் கைவரிசையால் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிலை, பத்திரிகைச் சுதந்திரம் முதலான சமூகப் பிரச்சினைகள் அப்பக்கத்திலே எழுதப்பட்டிருந்தன. பெயர் முகவரியாயிற்று, ஆனால் அம்முகவரி உரியதன்று. அவ்விடத்திலே வங்கியின் பக்கத்தை ஒத்த போலிப் பக்கம் இருந்திருந்தால், கடவுச்சொல்லைக் கொடுத்தவர்களின் சேமிப்பு என்னவாகியிருக்கும்?

ஆதலால் “விடை வருகின்றதா?” என்னும் கேள்வியோடு நில்லாது, “வந்த விடை மெய்யானதா?” என்றும் கேட்டல் வேண்டும். மேலோடி, “இத்தளத்தின் சான்றிதழ் பொருந்தவில்லை” என்று எச்சரிக்குமாயின், அவசரம் எத்தகையதாயினும் மேலே செல்லாது திரும்பிவிடுக. சேருமிடம் தான் கூறிக்கொள்ளும் பெயருக்கு உரியதன்று என்பதையே அவ்வெச்சரிக்கை பெரும்பாலும் அறிவிக்கின்றது.

மாணவர்களே, இந்நான்கு படிகளையும் இணைப்பு நலமாயிருக்கும் நாளொன்றிலே செய்து பார்த்து, கிடைக்கும் விடைகளைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நலமாயிருக்கும் காலத்து நிலையை அறிந்தவர்க்கே பழுதுற்ற காலத்து மாற்றம் புலப்படும். பெற்றோரும் பிள்ளைகளின் அருகே அமர்ந்து இதனைக் காண்பார்களாயின், அடுத்த முறை “இணையம் இல்லை” என்னும் கூக்குரல் எழும்போது, எது இல்லை என்பதை வீட்டிலேயே கண்டு சொல்ல ஒருவர் இருப்பார்.