முழுசாத் தெரியலையே!

திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இங்கே நடந்ததை அது சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள் என அவரவர்க்கு எவ்வளவு நெல் கூலி என்பதுவரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோயிலில் தங்கிப் படித்த மாணவர்களுக்கும் அங்கேதான் வைத்தியம்.

அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடித்தபோது, கூட வந்திருந்த நர்சம்மா மெல்லப் பேச்செடுத்தார். ஊர் ஊராகத் தடுப்பூசி போடப் போகிறவர். "ஒரு குழந்தைக்கு ஏதோ தப்பு நடக்குதுன்னு மனசுல படுது சார். ஆனா முழுசாத் தெரியலையே. ஆதாரம் இல்லாம போலீஸ்ல எப்படிச் சொல்றது?" டீ ஆறிப்போகிற அளவுக்கு அந்தக் கேள்வியையே பேசிக்கொண்டிருந்தோம். வாருங்கள், நாமும் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத எவரும் இதன்படி குழந்தைதான்; ஆணும் பெண்ணும் ஒன்றே. 19-வது பிரிவு சொல்வது இதுதான்: இப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1962-ல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களிலும் புகார்க் கடமைச் சட்டங்கள் வந்தன. அவை முதலில் பெரும்பாலும் மருத்துவர்களைத்தான் கட்டுப்படுத்தின. நம் சட்டம் அப்படித் தொழிலைப் பார்க்கவில்லை. டாக்டர், டீச்சர், தறிக்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி, எல்லோரையும் சேர்த்தே சொல்கிறது.

இனி நர்சம்மாவின் "முழுசாத் தெரியலையே"வுக்கு வருவோம். கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தகவல் சொல்வது ஒரு வேலை. துப்பறிவது வேறு வேலை. இரண்டையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொள்கிறோம். பாரம் தாங்காமல் இரண்டையும் செய்யாமல் விட்டுவிடுகிறோம்.

காஞ்சிபுரம் பட்டில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். நெய்பவர் குழித்தறியில் இருப்பார். கரைப் பக்கம் நாடா தள்ள ஒரு துணையாள் உட்கார்ந்திருப்பார். கரையில் இழை அறுந்தால் துணையாள் உடனே குரல் கொடுக்க வேண்டும். ஏன் அறுந்தது, சாயத்தில் கோளாறா, பாவில் கோளாறா என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் சொல்வேன் என்று அவர் இருந்தால், அதற்குள் சேலை ஒரு சாண் ஓடியிருக்கும்.

உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. கேரளத்தின் கொட்டியூர் வழக்கில் ஒரு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் மீது, தெரிந்தும் சொல்லவில்லை என்று குற்றச்சாட்டு இருந்தது. 2018-ல் அவர்களை விடுவித்தபோது நீதிமன்றம் சொன்னதன் சாரம்: 'தெரிதல்' என்றால் ஒருவருக்கு வந்து சேர்ந்த தகவல், தானே விசாரித்துத் தெரிந்துகொள்ளும் கடமையைச் சட்டம் யார்மீதும் சுமத்தவில்லை. ஆகவே, "அந்த மாமா வீட்டுக்குப் போக மாட்டேன், அவர் இப்படிச் செய்றார்" என்று ஒரு குழந்தை நர்சம்மாவிடம் சொல்லிவிட்டால் அதுவே தகவல். அது உண்மையா என்று பார்க்க அந்த மாமா வீட்டுக் கதவைத் தட்டுவது அவர் வேலை இல்லை. தட்டவும் கூடாது, எதிராளி உஷாராகிவிடுவான், குழந்தைதான் மாட்டிக்கொள்ளும்.

திருமுக்கூடலிலேயே நமக்கு இன்னொரு பாடம் கிடைக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி, மூன்றும் சேருமிடம் இது. நர்சம்மாவுக்குத் தெரிந்தது ஒரு துண்டு. அந்தக் குழந்தை வகுப்பில் திடீரென்று பேசாமல் போனது டீச்சருக்குத் தெரியும். ராத்திரி அழுகைச் சத்தம் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். மூவரும் "நமக்கு முழுசாத் தெரியாது" என்று இருந்துவிட்டால் அந்தத் துண்டுகள் எங்குமே சேராது. அவை சேரத்தான் காவல்துறையும் குழந்தைகள் நலக் குழுவும் இருக்கின்றன.

"அப்புறம் அது பொய்னு ஆயிட்டா?" என்றார் நர்சம்மா. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்த நடவடிக்கையும் வராது என்று 19-வது பிரிவே காப்பு தருகிறது. ஒருவரைக் கெடுக்க வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் தண்டனை. சொல்லாமல் இருந்தால்? ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை.

"மேலிடத்துல சொல்லிட்டேன், இனி அவங்க பாடு" என்பதும் போதாது. தலைமையாசிரியரிடம் சொல்வது நல்லதுதான். ஆனால் சட்டம் கேட்பது காவல்துறையிடம் சொல்வதை. 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில், புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார். மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் ஒருவர்மீது, தெரிந்தும் சொல்லவில்லை என்று வந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மனம் ஒப்பாத ஒரு முனையும் உண்டு. காதலித்த பையனால் கருவுற்ற 17 வயதுப் பெண் மருத்துவமனைக்கு வந்தாலும் டாக்டர் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் அவள் ஆஸ்பத்திரிக்கே வராமல் போலி வைத்தியரிடம் போனால் உயிருக்கே ஆபத்து. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயர், அடையாளம் இருக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எப்படிச் சொல்வது? 1098-க்கு எந்நேரமும் கட்டணமின்றிக் கூப்பிடலாம். நேரே காவல் நிலையத்துக்கும் போகலாம். பார்த்தது, கேட்டது, என்றைக்கு, குழந்தை எந்த வார்த்தையில் சொன்னது, அவ்வளவு போதும். குழந்தையைக் கூட்டிப்போக வேண்டியதில்லை. அதன் வாக்குமூலத்தைப் போலீசார் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல்.

நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதி, எண் போட்டு, உங்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். நர்சம்மா தடுப்பூசிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எண் போட்டு, படிச்சுக் காட்டணும்" என்று எழுதிக்கொண்டார். பிறகு, காவல் நிலையத்துக்குப் போக எந்த பஸ் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார்.