அண்டை வீட்டார் அந்நியரானது எப்படி?

உலக சரித்திரத்தைப் புரட்டினால் போரைக் காட்டிலும் கொடியதொன்றைக் காண்கிறோம். ஒரு மொழியையோ மதத்தையோ இனத்தையோ சேர்ந்தவர்கள் என்ற ஒரே காரணத்திற்காக நிராயுதபாணிகளான மக்களைக் கொன்று குவிப்பதே அது. இதனை இனப்படுகொலை என்கிறோம். 'ஜெனோசைட்' என்ற சொல்லை 1944-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ரஃபேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். 1948 டிசம்பர் 9-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை இக்குற்றத்தைத் தடுக்க ஓர் உடன்படிக்கையை ஏற்றது.

இத்தகைய கொடுமைகளைச் செய்பவர்கள் யார்? "அவர்கள் மனிதர்களே அல்லர், அரக்கர்கள்" என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் சமூக மனோதத்துவ நிபுணர்கள் அந்த நிம்மதியை நமக்கு அளிக்க மறுக்கிறார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குச் செல்லும் சாதாரண மனிதர்களே பெரும்பாலும் இவற்றில் பங்கு கொண்டிருக்கிறார்கள் என்கிறார்கள் அவர்கள். இது எப்படி நேருகிறது என்பதை, தமிழர்களாகிய நாம் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பார்ப்போம்.

கறுப்பு ஜூலை

திருச்சி விமான நிலையத்திற்கு அருகில் கொட்டப்பட்டு என்னும் இடத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறிவோம். அத்தகைய முகாம்கள் தமிழகமெங்கும் தோன்றக் காரணமானது 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கலவரம்.

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவ வீரர்கள் இறந்தனர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர்களை அடக்கம் செய்யவிருந்த கொழும்பு கனத்தை மயானத்தில் பெருங்கூட்டம் திரண்டது. உடல்கள் வந்து சேரத் தாமதமாயிற்று. கோபம் கொண்ட கூட்டம் பொரளைப் பகுதியில் தமிழர்களின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தது. அடுத்த சில நாட்களில் அத்தீ கண்டி, பதுளை முதலிய மலைநாட்டு ஊர்களுக்கும் பரவியது. அம்மலைநாட்டுத் தமிழர் பலரின் முன்னோர் நமது திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குச் சென்றவர்களே.

வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மொத்தம் இறந்தவர்கள் சில நூறு பேர் என்று அரசாங்கமும், மூவாயிரம் வரை இருக்கலாம் என்று மற்றவர்களும் கூறினர். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர்.

கொன்றவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ வந்த முரடர்கள்தாமா? தூண்டிவிட்டவர்களும் வழிநடத்தியவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடன் அத்தெருக்களில் வாழ்ந்த சாதாரண மக்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. 'நாம்' என்றும் 'அவர்கள்' என்றும் பிரிப்பது

ஹென்றி தாஜ்ஃபெல் என்ற அறிஞர் இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். எந்த ஓவியரின் படத்தை விரும்புகிறாய் என்பது போன்ற அற்பமான விஷயத்தைக் காரணமாகச் சொல்லியே பிரித்தார். அப்படியிருந்தும், பரிசுக் காசைப் பங்கிடச் சொன்னபோது சிறுவர்கள் தம் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். ஓவியத்திற்கே இப்படியென்றால், மொழிக்கும் மதத்திற்கும் சாதிக்கும் கேட்க வேண்டுமா?

கொழும்பில் வழிமறித்த கும்பல், சிலரிடம் வாளியைக் குறிக்கும் 'பால்தியா' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொன்னது. தமிழர் நாவில் அச்சொல் வேறு விதமாக ஒலிக்குமாம். இதைப் படித்தபோது விவிலியத்தில் நீதித் தலைவர்கள் நூல் நினைவுக்கு வருகிறது. அங்கும் யோர்தான் துறையில் 'ஷிபோலத்' என்ற ஒரு சொல்லை உச்சரிக்கத் தெரியாத எப்பிராயிம் குலத்தார் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் மனிதன் அதே பரீட்சையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறான்.

2. அதிகாரத்திற்குக் கீழ்ப்படிதல்

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒருவரை ஆசிரியராகவும் மற்றொருவரை மாணவராகவும் வைத்தார். மாணவர் தவறான விடை கூறும்போதெல்லாம் ஆசிரியர் மின்சார அதிர்ச்சி தர வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி, தவறுக்குப் பதினைந்து பதினைந்தாக 450 வோல்ட் வரை உயர்த்த வேண்டும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. ஆசிரியராக அமர்ந்தவருக்கு மட்டும் அது தெரியாது. அடுத்த அறையிலிருந்து மாணவர் எதிர்ப்புத் தெரிவித்து, பின் ஓசையே அடங்கிப் போயினும், "தொடருங்கள்" என்று ஆராய்ச்சியாளர் சொன்னதற்காக 40 பேரில் 26 பேர் கடைசி வரை சென்றார்கள். அவர்களும் வியர்த்து நடுங்கினார்கள். ஆனாலும் நிறுத்தவில்லை.

இச்சோதனையைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் ஒரு திருத்தம் சொல்கிறார்கள். அவர்கள் வெறும் அச்சத்தால் கீழ்ப்படியவில்லை. விஞ்ஞானத்திற்குத் தொண்டு செய்கிறோம், நல்ல காரியத்திற்குத் துணை நிற்கிறோம் என்று நம்பியதாலேயே தொடர்ந்தார்கள் என்பதே அது. தாம் செய்வது நியாயம் என்று நம்புகிறவனே தயக்கமின்றித் தீமை செய்கிறான்.

கொழும்பில் கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த வீடு தமிழர் வீடு என்று அவற்றைப் பார்த்து அடையாளம் கண்டார்கள். காவலர்களும் வீரர்களும் பல இடங்களில் வேடிக்கை பார்த்து நின்றார்கள். ஊரடங்கு உத்தரவு மறுநாள்தான் வந்தது. ஜனாதிபதி ஜெயவர்த்தனா ஜூலை 28 அன்று தொலைக்காட்சியில் தோன்றியபோது, பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு ஓர் அனுதாப வார்த்தைகூடக் கூறவில்லை. மேலிடத்தின் மௌனத்தைக் கும்பல் அனுமதியாக எடுத்துக்கொள்ளும்.

3. சிறிது சிறிதாக ஏறும் படிகள்

மில்கிராம் முதலிலேயே 450 வோல்ட் கொடுக்கச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் இணங்கியிருப்பார்கள்? பதினைந்து வோல்ட் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. அதைக் கொடுத்தவருக்கு முப்பதும் பெரிதல்ல.

இலங்கைச் சரித்திரத்திலும் இப்படிகளைக் காணலாம். 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958-இல் கலவரம் மூண்டது. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் இடம் பெறத் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றாயிற்று. 1977-இல் மீண்டும் கலவரம். 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒவ்வொரு படியிலும் "இவ்வளவுதானே" என்றிருந்தவர்கள் 1983-இல் எங்கு வந்து நின்றார்கள் என்பதைப் பார்த்தோம்.

4. வதந்தி

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய மனோதத்துவ அறிஞர் ஆராய்ந்தார். நில அதிர்வை உணர்ந்தும் சேதம் ஏதும் அடையாத ஊர்களில், இன்னும் பெரிய ஆபத்து வரப்போகிறது என்ற வதந்திகளே பரவியிருந்தன! அச்சம் ஏற்பட்டுவிட்டால் அதற்கு ஒரு காரணத்தை மனம் தேடிக்கொள்கிறது என்பதை அறிஞர்கள் இதிலிருந்து உணர்ந்தார்கள்.

1958 கலவரத்தில், பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்ற செய்தி பரவி, அதற்குப் பழிவாங்கினார்கள். பின்னர் விசாரித்தபோது அப்படி ஓர் ஆசிரியையே கிடையாது என்று தெரிந்தது. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமையன்றும், புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற பொய்ச் செய்தியால் சற்றே அடங்கியிருந்த கொலைகள் மீண்டும் தொடங்கின. ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 1994-இல் வானொலியே இவ்வேலையைச் செய்தது. டுட்சி இனத்தாரைக் 'கரப்பான்பூச்சிகள்' என்று அது அழைத்தது. சுமார் நூறு நாட்களில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் மாண்டனர். பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்களாகிய அந்நாட்டில் தேவாலயங்களில் அடைக்கலம் புகுந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். மனிதனைப் பூச்சி என்று அழைக்கப் பழகியவனுக்கு, அவனை நசுக்குவது கடினமாகத் தெரிவதில்லை.

5. கூட்டத்தோடு ஒத்துப்போதல்

சாலமன் ஆஷ் என்பவர் 1951-இல் ஒரு சோதனை செய்தார். மூன்று கோடுகளில் எது குறிப்பிட்ட கோட்டின் நீளமுடையது என்று கேட்டார். குழந்தைக்கும் தெரியும் விடை அது. ஆனால் முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் எல்லோரும் தவறாகவே சொன்னார்கள். அப்போது நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையேனும் தம் கண்களை நம்பாமல் கூட்டத்தின் பொய்யைத் திருப்பிச் சொன்னார்கள்.

1942 ஜூலையில் போலந்தின் யோசெஃபுவ் கிராமத்தில் யூதர்களைச் சுட ஜெர்மானியப் போலீஸ் படை ஒன்றுக்கு ஆணை வந்தது. "விருப்பமில்லாதவர்கள் விலகலாம்" என்று அதன் தலைவரே கூறியும், ஏறக்குறைய 500 பேரில் உடனே விலகியவர்கள் ஒரு டஜன் பேரே. தோழர்கள் முன் கோழையாகத் தோன்றக்கூடாது என்பதே பலருக்குப் பெரிதாக இருந்தது.

நாம் விதிவிலக்கா?

சிங்களவரைப் பற்றியும் ஜெர்மானியரைப் பற்றியும் படித்துவிட்டு, "தமிழர்களாகிய நாம் அப்படியல்ல" என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 1990 அக்டோபரில் இலங்கையின் வடபகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்த முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகளே வெளியேற்றினார்கள். நமது தஞ்சை மண்ணில், 1968 டிசம்பர் 25 இரவு, உலகமே கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய வேளையில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இந்நோய் எந்த மொழிக்கும் மதத்திற்கும் தனியுடைமை அன்று.

மறுத்தவர்கள்

இவ்வளவு இருளிலும் வெளிச்சம் உண்டு. கறுப்பு ஜூலையில் தம் உயிரைப் பணயம் வைத்துத் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்த சிங்களவர் பலர். கும்பல் வாசலில் நின்றபோது "இங்கே யாருமில்லை" என்று சொன்னவர்களால்தான் எத்தனையோ பேர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அமைந்த முகாம்களை உயிரோடு சென்றடைந்தார்கள்.

சோதனைகளும் இதையே கூறுகின்றன. ஆஷின் சோதனையில் ஒரே ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். மற்றவரும் பெரும்பாலும் துணிந்து உண்மை சொன்னார். மில்கிராமின் சோதனையில், உடனிருந்த இருவர் "மாட்டோம்" என்று எழுந்தபோது, 40 பேரில் நால்வர்தாம் கடைசி வரை சென்றார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்றிருந்தது பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது!

அன்புத் தோழியரே, காரணங்களை விளக்குவது குற்றத்தை மன்னிப்பதாகாது. ஒரே தெருவில் வசித்து, ஒரே செய்தியைக் கேட்டு, ஒருவர் தீப்பந்தம் எடுத்தார். மற்றவர் கதவைத் திறந்தார். ஆகவே தேர்ந்தெடுக்கும் சக்தி மனிதனிடம் இருக்கவே செய்கிறது. அதற்கான பயிற்சி கலவர நாளன்று தொடங்குவதில்லை. ஓர் ஊரையோ சாதியையோ மொத்தமாகப் பழித்து யாரேனும் பேசும்போது சிரிக்காமலிருப்பதும், காதில் விழுந்த செய்தியை, இன்று கைப்பேசியில் வந்த செய்தியை, உண்மையென்று அறியும்வரை பிறருக்குச் சொல்லாதிருப்பதும், வகுப்பில் எல்லோரும் ஒதுக்கும் ஒருத்தியின் பக்கத்தில் போய் அமர்வதும் அப்பயிற்சியே. கீழ்ப்படிதலை நமக்கு நற்குணமாகக் கற்பிக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் எதற்குக் கீழ்ப்படியக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றால்தான் அந்தப் பாடம் முழுமை பெறும்.

பதினைந்து வோல்ட்டில் "மாட்டேன்" என்று சொல்வது எளிது. நாம் அங்கேயே சொல்லப் பழகுவோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, மணப்பாறை