குளிர் பிரதேசத்தில் வாழை: பயிர் நிற்கும், கணக்கு நிற்குமா?

கடந்த மாதம் வெலிமடையிலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். ஹார்ட்வெயார் கடை நடத்துபவர். நுவரெலியாவில் மாமனார் வழியில் கிடைத்த அரை ஏக்கர் காணியில் பொலித்தீன் கூடாரம் அடித்து வாழை போடப் போகிறாராம். "துருக்கியில பனி பெய்யிற ஊரிலயே போடுறாங்களாமே நானா, இங்க ஏன் ஏலாது?" என்று கேட்டார். வங்கிக் கடனுக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டார். ஆகவே உடனே ஆம், இல்லை என்று சொல்லாமல் இரண்டு நாள் தவணை கேட்டேன். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகின்றேன்.

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல. 2014இல் துணி வியாபாரமாக துருக்கி சென்றிருந்தபோது, அலன்யாவிலிருந்து அனமூர் வரை கடலோரப் பாதையால் பயணம் செய்தேன். வழி நெடுக பாதையோரக் கடைகளில் வாழைக்குலைகள் தொங்கின. எமது கோழிக்குட்டு வாழையைப் போல் சிறிய, நல்ல இனிப்பான பழம். மலைச்சரிவுகளில் இரண்டு மாடி உயரத்துக்கு பிளாஸ்டிக் கூடங்கள். உள்ளே எல்லாம் வாழை.

அங்கு வாழை நிற்பதற்குக் காரணம் அந்த இடத்தின் அமைப்புத்தான். வடக்கே டோரஸ் மலைத்தொடர் சுவர் போல நின்று குளிர் காற்றைத் தடுக்கின்றது. தெற்கே மத்தியதரைக் கடல் இரவுக் குளிரைத் தணிக்கின்றது. துருக்கி முழுவதும் வாழை விளைகின்றது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. அந்த ஒடுங்கிய கரையோரத்தில் மாத்திரமே விளைகின்றது.

வாழைக்கு குளிர் என்ன செய்யும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 16 பாகை செல்சியஸுக்குக் கீழே அதன் வளர்ச்சி தளர்ந்துவிடும். 10 பாகையளவில் புது இலை வருவதே நின்றுவிடும். வெப்பமான மாதத்தில் வாரம் ஓர் இலை விடும் மரம், குளிர் மாதத்தில் மாதம் ஒன்று விட்டாலே பெரிது. உறைபனி விழுந்தால் இலைகள் வெந்தது போல் கருகும். கடுமையாக விழுந்தால் தண்டும் போகும். நிலத்துக்குள் இருக்கும் கிழங்கு பெரும்பாலும் தப்பி, வெயில் வந்ததும் குட்டி விடும். இதைப் பார்த்துத்தான் பலர் "வாழை குளிரைத் தாங்கும்" என்கின்றனர். மரம் தாங்கும், குலை தாங்காது. குளிர் காலத்தில் தண்டுக்குள் உருவாகும் குலை, வெளியே வர முடியாமல் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். வந்தாலும் சீப்பு குறைவு, காய் கோணல். வியாபாரிக்கு அது சரக்கே அல்ல.

கூடாரம் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கின்றது. பகல் வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைக்கின்றது, காற்றில் இலை கிழிவதைத் தடுக்கின்றது. இழைய வளர்ப்புக் கன்றும் சொட்டு நீர்ப்பாசனமும் சேர்ந்ததும் விளைச்சல் திறந்தவெளிச் செய்கையை விட வெகுவாகக் கூடியது. துருக்கியின் வாழை உற்பத்தி 2000இல் சுமார் 64,000 தொன். 2010இல் 2 இலட்சம் தொன்னைத் தாண்டியது. 2020இல் 7 இலட்சத்தையும் தாண்டிவிட்டது.

நாம் பார்க்க வேண்டிய இடம் இனித்தான் வருகின்றது. இந்த வளர்ச்சிக்குப் பின்னால் பிளாஸ்டிக் மாத்திரம் இல்லை. 1980களில் துருக்கி இறக்குமதியைத் திறந்துவிட்டபோது, பெரிய, பார்வையான வெளிநாட்டுப் பழம் வந்து குவிந்தது. அனமூர்ச் செய்கையாளர்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திண்டாடினர். பிற்பாடு இறக்குமதி வாழைக்கு 145.8 வீதத் தீர்வை வந்தது. 100 ரூபா சரக்கு உள்ளே வர 145 ரூபாவுக்கு மேல் வரி! அந்த மதிலுக்குப் பின்னால்தான் அத்தனை கூடாரங்களும் எழுந்தன. கூடாரச் செலவை உண்மையில் கட்டுவது கூடுதல் விலை கொடுத்துப் பழம் வாங்கும் துருக்கி மக்களே.

நுவரெலியாவுக்கும் எம்பிலிப்பிட்டிக்கும் இடையில் அப்படியொரு தீர்வை இருக்கின்றதா? இல்லை. கூடாரமோ, பசளையைத் தவிர வேறு பெரிய செலவோ இல்லாமல் விளையும் பழம் இரவோடிரவாக லொறியில் ஏறி விடியும்போது கடைக்கு வந்துவிடும். போதாததற்கு நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுவதுண்டு. அதே கூடாரத்தில் குடைமிளகாயோ ஸ்ட்ரோபெரியோ போட்டால் அவற்றுக்கு அந்தக் குளிரே மூலதனம். வாழைக்கு அது எதிரி.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன், இது எனது சொந்த நட்டம். சில வருடங்களுக்கு முன் நோன்பு தொடங்குவதற்கு முன்னர் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, ஒரு லொறி வாழைக்காயை மரக்கறிக் குளிரறையில் வைத்தேன். கெரட்டுக்கு வைத்த குளிர் அது. வாழைக்காயை 13, 14 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. எடுத்தபோது காய் பச்சையாகத்தான் இருந்தது. பழுத்தபோது மஞ்சள் வரவில்லை. சாம்பல் பூத்த நிறம், தோலைக் கீறினால் உள்ளே கபில நிறக் கோடுகள். சுவையில் பெரிய குறை இல்லை, ஆனால் எவரும் கையில் எடுக்கவில்லை. பாதிக்கு மேல் மாட்டுக்குப் போனது. மலைநாட்டில் பழக்கடை வைத்திருப்போர் மார்கழி, தை மாதங்களில் இரவில் குலைகளை வெறும் சீமெந்துத் தரையில் விடாமல், பலகையில் வைத்து சாக்கினால் மூடுவது நல்லது.

சகோதரர் இரண்டாம் முறை அழைத்தபோது கடன் விண்ணப்பத்தை இன்னும் மீளப் பெறவில்லை என்றார். கூடாரம் அடிக்கத்தான் போகிறார். அதற்குள் எதை வைப்பது என்று விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மதிலோரம், வெயில் விழும் இடத்தில் இரண்டு குட்டி நட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அதைத் தாராளமாகச் செய்யச் சொன்னேன். அதற்கு வங்கிக் கடன் தேவையில்லையே!