உளியின் இடத்தில் கணனி: மரச் செதுக்கு வேலையில் நிகழும் மாற்றம்

புதிய வீடுகளின் தலைவாசற் கதவுகளையும் சுவாமியறை நிலைகளையும் பள்ளிவாசல்களின் மிம்பர்களையும் அலங்கரிக்கும் செதுக்கு வேலைகளில் ஒரு பகுதி இன்று உளியால் செய்யப்படுவதில்லை. கணனியின் கட்டளைப்படி இயங்கும் ‘சீ.என்.சி. ரூட்டர்’ என்னும் இயந்திரமே அவற்றைச் செதுக்குகின்றது. இதனால் கலை அழிந்துவிட்டதாகக் கவலைப்படுவோரும் உளர். பொத்தானை அழுத்தினால் சிற்பம் வந்துவிடும் என நம்புவோரும் உளர். இயந்திரம் எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதை அறியாமலேயே இவ்விரு சாராரும் பேசுகின்றனர் என்பதே எமது எண்ணம்.

இவ்வியந்திரத்தின் மூலம் மரவேலையன்று. ஹெலிகொப்டர் சுழலிகளின் பாகங்களைத் துல்லியமாகத் தயாரிக்க முயன்ற ஜோன் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் சிந்தனையில் உருவாகி, 1952 இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் துளையிட்ட நாடாவின் துணையுடன் இயக்கிக் காட்டப்பட்ட உலோக வெட்டு முறையே இதன் முன்னோடியாகும். நாடாவின் இடத்தைப் பின்னர் கணனி பிடித்துக்கொண்டது. விலை குறையக் குறைய, விமானத் தொழிற்சாலையில் இருந்த நுட்பம் தச்சுப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது.

இயங்கும் விதம் எளிதானது. பலகை மேசையில் அசையாது இறுக்கப்படுகின்றது. நிமிடத்திற்கு 18,000 முதல் 24,000 தடவைகள் வரை சுழலும் மோட்டாரில் பொருத்தப்பட்ட வெட்டலகு இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என மூன்று திசைகளில் நகர்ந்து மரத்தைக் குடைந்து செல்கின்றது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் என்பதெல்லாம் ‘ஜீ-கோட்’ எனப்படும் கட்டளை வரிகளாக எழுதப்பட்டிருக்கும். அவ்வரிகளை எழுதுவது மென்பொருள். ஆனால் அந்த மென்பொருளுக்குக் கொடுக்கப்படும் உருவத்தை ஆக்குவது மனிதனே. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதனைத்தான்.

கையில் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து “இதை அப்படியே வெட்டித் தாருங்கள்” என்று கேட்போர் பலர். படத்தை ஆழமாக மாற்றும் மென்பொருள்கள் வெளிச்சமான இடத்தை மேடாகவும் இருண்ட இடத்தைப் பள்ளமாகவும் கொள்கின்றன. முகத்தில் விழுந்த நிழல் உண்மையில் பள்ளமன்று என்பது கணனிக்குத் தெரியாது. விளைவாகக் கன்னம் குழிந்து, கருவிழி துளையாகி, மூக்கு இருக்கவேண்டிய உயரத்தில் இராது. ஆகவே தாமரை இதழ் எங்கு எழவேண்டும், கொடி எதன் கீழ் நுழைந்து எதன் மேல் வரவேண்டும் என்பதை அறிந்த ஒருவர் திரையில் அவ்வுருவத்தைப் புதிதாக வனையவேண்டும். சிற்பியின் வேலை ஒழிந்துவிடவில்லை. அது பட்டறையிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்திருக்கின்றது.

நேரத்தைப் பற்றியும் தப்பெண்ணம் உண்டு. முதலில் தடித்த அலகு ஒன்று வேண்டாத மரத்தை வாரி எடுக்கும். பின்னர் உருண்டை முனையுள்ள மெல்லிய அலகு, வயலை உழுவதுபோல் அருகருகே கோடிட்டு மேற்பரப்பைச் சீராக்கும். 600 மில்லிமீற்றர் நீளமும் 300 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட பலகையில் 0.3 மில்லிமீற்றர் இடைவெளியில் கோடிட்டால் 1,000 கோடுகள் வேண்டும். அலகு ஓடும் தூரம் 600 மீற்றர். நிமிடத்திற்கு 2,500 மில்லிமீற்றர் வேகமென்றால் இந்த இறுதிக்கட்டத்திற்கே நான்கு மணித்தியாலங்கள் செல்லும். இடைவெளியை இரட்டித்தால் நேரம் பாதியாகும். ஆனால் உழவுச் சால்கள் கண்ணுக்குத் தெரியும், உப்புத்தாள் பிடிப்பவரின் உழைப்பு பெருகும். மலிவான வேலைக்கும் நல்ல வேலைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கின்றது. இடையில் மின்சாரம் தடைப்பட்டால், சாதாரண இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நிலவிய நாட்களில் இது எத்தகைய தலையிடியாக இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

மரத்தின் குணத்தையும் இயந்திரம் அறியாது. தேக்கில் இயற்கையாகவே உள்ள சிலிக்கா, அலகின் கூரை விரைவில் மழுக்கிவிடும். முதிரையில் நார்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னிக் கிடப்பதால் ஓரங்கள் பெயரக்கூடும். ஈரப் பலகையில் வெட்டினால் மேற்பரப்பில் நார் சிலிர்க்கும். உலர்ந்தபின் பலகை வளையும். நார் திரும்புகின்ற இடத்தில் அனுபவமுள்ள ஓடாவியாரின் கை தானாகவே உளியைத் திருப்பிக்கொள்ளும். இயந்திரமோ எழுதிய வழியிலேயே செல்லும். அத்துடன் மூன்று அச்சு இயந்திரம் மேலிருந்து மட்டுமே வெட்டவல்லது. யாளியின் வாய்க்குள் உருளும் உருண்டையையோ, பின்னணியிலிருந்து விடுபட்டு நிற்கும் கொடியையோ அதனால் குடைய முடியாது. உட்புற மூலைகள் சிறிது வளைந்தே அமையும். அவற்றைக் கூராக்க மீண்டும் உளியே வேண்டும்.

எழுத்து வேலைப்பாடு தனியாகக் கவனிக்கத்தக்கது. பள்ளிவாசலுக்கோ வீட்டுக்கோ அரபு எழுத்தணியில் திருவசனம் ஒன்றைச் செதுக்கும்போது, மென்பொருளில் உருவம் கண்ணாடி விம்பமாகப் புரண்டுவிடலாம். ஒரு புள்ளி தூசியெனக் கருதப்பட்டு நீங்கிவிடலாம். அரபில் ஒரு புள்ளியால் எழுத்தே வேறாகும். தமிழிலும் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். வெட்டுவதற்கு முன்னர் அம்மொழியை வாசிக்கத் தெரிந்தவர் திரையில் ஒருமுறை பார்ப்பதற்குச் செலவாகும் ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடிக்கக் கூடாது.

தொழிலாளரின் உடல்நலமும் பேசப்படவேண்டியதே. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இலேயே வகைப்படுத்திவிட்டது. மணிக்கணக்கில் நுண்தூளைக் கிளப்பும் இயந்திரத்தைத் தூள் உறிஞ்சி இல்லாத கொட்டகையில் இயக்குவதும், முகக்கவசமின்றி அதனருகே ஓர் இளைஞனை நிறுத்திவைப்பதும் நியாயமாகா.

இனி எம்மை அதிகம் உறுத்தும் விடயத்திற்கு வருவோம். கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டிப் பிரதேசக் கைவினைஞர்களின் வேலை முறைகளையும் அலங்கார வடிவங்களையும் பதிவுசெய்தார். அவருக்குக் கிடைக்காத வசதி இன்று எமக்குண்டு. பழைய கதவொன்றை முப்பரிமாண வருடியால் பிரதியெடுத்துப் பாதுகாக்கலாம். ஆனால் அதே வசதியால், ஓர் ஆசாரியார் மாதக்கணக்கில் செதுக்கிய பலகையை வருடியெடுத்து நூறு கதவுகளில் வெட்டவும் முடியும். அவருக்குக் கிடைப்பது முதற் பலகையின் கூலி மட்டுமே. மறுபுறம், இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் அதே பூவும் அதே மயிலும் ஊருக்கு ஊர் கதவுகளில் பெருகிவருகின்றன; அந்தந்த ஊருக்குரிய வடிவங்கள் பின்தள்ளப்படுகின்றன.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பிரயோகக் கலைப் படைப்புகளையும் பதிவுசெய்யப்பட்ட கைத்தொழில் வடிவங்களையும் பாதுகாக்கின்றது. பட்டறைகளில் இச்சட்டம் பற்றிய பேச்சு எழுவது அரிது. நூறாண்டு கடந்த மரபு வடிவத்திற்கு எவரும் தனியுரிமை கோர முடியாதுதான். ஆனால் இன்று ஒருவர் புதிதாக வனைந்த வடிவம் அவருடையது. அதனைக் கணனியில் ஏற்றும்போதே, வெட்டப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கு என்ன தொகை என்பதைப் பட்டறை உரிமையாளரும் ஆசாரியாரும் எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம். கதவு வாங்குபவரும் இது கைவேலையா, இயந்திர வேலையா, வடிவம் யாருடையது என்று கேட்டறிந்து, அதற்கேற்ற விலையைக் கொடுக்கலாம். இயந்திர வேலையைக் கைவேலையென்று கூறிக் கூடிய விலைக்கு விற்பதை இவ்வொரு கேள்வியே பெருமளவு தடுத்துவிடும்.